விபத்துப் பிரிவில் வேலை அறுந்துபோகாமல் இருக்க

அரசு மருத்துவமனையின் விபத்து சிகிச்சைப் பிரிவில் பதினொரு வருடங்களாகச் செவிலியர் நான். புதிதாக எங்கள் ஷிப்டுக்கு வருகிறவர்களிடம் முதலில் கேட்பது இதைத்தான்: இன்று தொலைபேசியை யார் எடுப்பது?

கேட்கக் காரணம் உண்டு. ஓர் இரவு இடுப்பெலும்பு உடைந்த பையன் ஒருவன் வந்தான். ரத்தப்போக்கைக் குறைக்க டிரானெக்ஸாமிக் அமிலம் ஒரு கிராம் ஏற்ற வேண்டும். காயம்பட்ட மூன்று மணி நேரத்துக்குள், பத்து நிமிடத்தில் இறங்கும்படி. எங்களிடம் இருந்தது 500 மில்லிகிராம் ஆம்பூல், அதாவது சிறு கண்ணாடிக் குப்பி; ஆகவே இரண்டு. ஒன்றை உடைத்து சலைன் பாட்டிலில் சேர்த்தேன். ரத்த வங்கியிலிருந்து அழைப்பு. பேசிவிட்டுத் திரும்பினால், பாட்டிலில் போனது ஒன்றா, இரண்டா? எவ்வளவு யோசித்தும் நினைவில் இல்லை. அதைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

அன்றிலிருந்து, சொட்டு இறங்கத் தொடங்கும்வரை காலி ஆம்பூல்களைக் குப்பையில் போடுவதில்லை. பாட்டிலுக்குப் பக்கத்திலேயே டிரேயில் கிடக்கும். பாட்டிலில் ஒட்டிய பிளாஸ்டரில் மருந்து, அளவு, நேரம் மூன்றையும் எழுதிவிடுவேன். நடுவில் யாராவது கூப்பிட்டால் இடது கையை உயர்த்துவேன். "மருந்து சேர்க்கிறேன், பொறுங்கள்" என்று அதற்கு அர்த்தம்.

108 ஆம்புலன்ஸிலிருந்து முன்தகவல் வந்தால் அந்தச் சில நிமிடங்களில் வேலையைப் பிரித்துவிடுங்கள். தலைப்பக்கம் ஒருவர், ஊசி போட ஒருவர், ரத்த அழுத்தம் பார்க்க ஒருவர், எழுத ஒருவர். எழுதுகிறவரே தொலைபேசியையும் எடுக்கட்டும்; விபத்துப் பதிவேட்டு விவரம் கேட்டு வரும் காவலருக்கும் அவரே பதில் சொல்லட்டும். தலைமை மருத்துவர் கட்டிலின் கால்மாட்டில் நிற்பது நல்லது. அவரே தையல் போடக் குனிந்துவிட்டால் மொத்தத்தையும் பார்க்க ஆள் இருக்காது. அப்போது, "இனி நீங்கள் பாருங்கள்" என்று இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

ஆம்புலன்ஸ் பணியாளர் நடந்ததைச் சொல்லும் அரை நிமிடம் மற்ற எல்லோரும் வாயை மூடிக்கொள்ளுங்கள். ரத்தம் பீறிட்டாலோ மூச்சு அடைத்தாலோ கைகள் நிற்கக் கூடாது.

"யாராவது ரத்தம் வாங்கி வாருங்கள்" என்றால் இருவர் ஓடுவார்கள், அல்லது ஒருவரும் போகமாட்டார்கள். பெயர் சொல்லிக் கேளுங்கள். பெயர் சொல்லப்பட்டவர் அதைத் திருப்பிச் சொல்லட்டும். முடித்ததும் "வந்துவிட்டது" என்று சொல்லட்டும். நோயாளியைப் புரட்டும்போது தலையைப் பிடித்திருப்பவர்தான் எண்ண வேண்டும். 'மூன்று' என்று சொல்லும்போதே புரட்டுவதா, சொல்லி முடித்த பிறகா என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், இதில் குழம்பிப் பாதி உடம்பு மட்டும் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன்.

உறவினர்களில் நிதானமான ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவரிடம் மட்டும் அவ்வப்போது நிலவரம் சொல்லுங்கள். இல்லையென்றால் பத்துப் பேர் மாறிமாறித் திரையை விலக்குவார்கள்.

எல்லாக் குறுக்கீட்டையும் தடுத்துவிடவும் கூடாது. "அக்கா, பிரஷர் 80" என்று பயிற்சி மாணவி சொன்னால் எந்த வேலையானாலும் நிமிர்ந்து பார்க்க வேண்டும். அவளை ஒருமுறை அதட்டினால் அடுத்தமுறை சொல்லமாட்டாள்.

ரத்த மாதிரிக் குழாயில் பெயர் எழுதும்போது மட்டும் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. பெயர் தெரியாத ஆண்கள் இருவர் ஒரே நேரத்தில் வந்த நாள்கள் உண்டு. கட்டிலருகிலேயே நின்று, கைப்பட்டையின் எண்ணைப் பார்த்து எழுதி முடிக்கும்வரை டியூட்டி டாக்டர் கூப்பிட்டாலும் இடது கைதான் உயரும். முணுமுணுத்துக்கொண்டே காத்திருப்பார்.