நாடிழந்தவர் கதையை எப்படி வாசிப்பது

பாளையங்கோட்டைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஒரு தெருவில் வேதக்கோயில் பாட்டு, அடுத்த தெருவில் கொடை விழா வில்லுப்பாட்டு, இரண்டையும் காதில் வாங்கிக்கொண்டே வளர்ந்துவிடலாம். எங்கள் ஆச்சி திண்ணையில் பைபிளைச் சத்தமாக வாசிப்பாள். யூதர்களைப் பாபிலோன்காரர்கள் பிடித்துக்கொண்டு போன 'சிறையிருப்பு' என்ற சொல் வந்ததும் எதிர்வீட்டு ஆச்சி கேட்டாள்: "ராமரு காட்டுக்குப் போனாரே, அது மாதிரியா இது?" எங்கள் ஆச்சி கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்லட்டீ, அவரு தானா போனாரு. இவங்களப் பிடிச்சில்லா கொண்டு போனாவ" என்றாள். இன்றுவரை நாடிழந்தவர் கதைகளில் எதைத் திறந்தாலும் நான் அந்த இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறேன். நீங்களும் அங்கிருந்தே ஆரம்பியுங்கள்: போனார்களா, போகச் சொன்னார்களா, பிடித்துக்கொண்டு போனார்களா?

அடுத்து கெடுவைத் தேடுங்கள், எத்தனை வருஷம் என்று சொல்லியிருக்கிறதா என்று. ராமனுக்கு 14. பாண்டவர்களுக்கு 12 வருஷம் காடு, 1 வருஷம் அஞ்ஞாதவாசம் என்கிற தலைமறைவு, அந்த ஒரு வருஷத்தில் அடையாளம் தெரிந்துவிட்டால் திரும்பவும் முதலிலிருந்து. பாபிலோனுக்குப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி சொன்னது 70. மூவேந்தரிடம் பறம்புமலையை இழந்த பாரியின் மகளிருக்குக் கெடுவே இல்லை. புறநானூற்றின் 112ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள், மொத்தமே ஐந்து அடி. போன மாத நிலாவில் அப்பா இருந்தார், குன்றும் எங்களுடையது. இந்த மாத நிலாவில் குன்றும் போனது, அப்பாவும் இல்லை. அவ்வளவுதான். திரும்பி வரும் நாள் தெரிந்த கதை காவியமாக நீள்கிறது, தெரியாதது இப்படி நாலைந்து அடியில் நின்றுவிடுகிறது என்று எனக்குத் தோன்றும். இதை நீங்களும் நாலு பாட்டில் வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

கெடுவை யார் சொல்கிறார்கள், எப்படிச் சொல்கிறார்கள் என்பதையும் விடாதீர்கள். கம்பனில் கைகேயி பதினான்கு என்று சொல்வதில்லை, 'ஏழிரண்டு ஆண்டு' என்கிறாள். அந்தப் பாட்டை வாய்விட்டுப் படியுங்கள்: உலகமெல்லாம் பரதன் ஆள, நீ போய்ச் சடை தரித்துத் தவம் செய்து, புண்ணியத் துறைகளில் நீராடி விட்டு வா என்று, ஏதோ தீர்த்த யாத்திரைக்கு அனுப்புவது போல வரிசையாகச் சொல்லி, கடைசியில் இது ராஜா சொன்னது என்று முடிக்கிறாள். பைபிளிலோ கெடுவே ஒரு சண்டை. எரேமியா 28ஆம் அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்கிறார். அடுத்த அதிகாரத்தில் எரேமியா பாபிலோனில் இருப்பவர்களுக்குக் கடிதம் எழுதுகிறார்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வையுங்கள், 70 வருஷம் ஆகும். ஊரை நினைத்துக்கொண்டிருப்பவனுக்கு இதைவிடக் கஷ்டமான கடிதம் வேறு என்ன இருக்கும்? இந்த இரண்டு அதிகாரத்தையும் பிரிக்காமல் ஒரே மூச்சில் படியுங்கள்.

அப்புறம், எதிர்த்தரப்பின் கணக்கு எங்காவது கிடைக்கிறதா என்று பாருங்கள். எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த வேலை. கி.மு. 597-ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, யோயாக்கீன் என்ற யூதா நாட்டு ராஜாவைப் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். இரண்டாம் இராஜாக்கள் புத்தகம் அதைச் சொல்லி, 37ஆம் வருஷத்தில் அவனைச் சிறையிலிருந்து விடுவித்தார்கள், அதன்பின் அரசனின் பந்தியில் சாப்பிட்டான் என்று முடிகிறது. இது ஒரு பக்கம். பாபிலோனின் இடிபாடுகளில் தோண்டி எடுத்த களிமண் ஏடுகள் இன்னொரு பக்கம். அரண்மனைச் சரக்கறையில் யாருக்கு எவ்வளவு எண்ணெய் அளந்து கொடுத்தார்கள் என்று எழுதிய கணக்கு அது. அதில் யூதாவின் ராஜா யோயாக்கீனுக்கு இவ்வளவு, அவன் மகன்கள் ஐந்து பேருக்கு இவ்வளவு என்று இருக்கிறது. நம்மூர் ரேஷன் கடைப் பதிவேடு மாதிரிதான். எழுதியவனுக்கு அது அழவேண்டிய விஷயமே இல்லை, எண்ணெய் அளந்தான், பெயரைக் குறித்தான், அடுத்த பெயருக்குப் போய்விட்டான். இந்தக் கணக்கைப் பார்த்த கையோடு 137ஆம் சங்கீதத்தைத் திறந்து 'பாபிலோன் ஆறுகள் அருகே' என்று படித்துப் பாருங்கள், ஒரே ஊரில் ஒரே காலத்தில் இருந்த இரண்டு பேரும் எதை எதைப் பார்த்தார்கள் என்று தெரியும். ஒன்பதே வசனம்தான், கடைசி வசனம்வரை போங்கள். பாதியில் நிறுத்தினால் அழுகை மட்டும் மிஞ்சும், பழிவாங்கத் துடிக்கிற கோபம் கண்ணில் படாமல் போய்விடும். இன்னொன்று, தமிழ்ப் பைபிளில் சிறைப்பட்டவர்கள் தங்கள் கின்னரங்களை, அதாவது யாழ் மாதிரியான வாத்தியங்களை, மாட்டுவது 'அலரி'ச் செடியில். தாமிரபரணிக் கரையில் நிற்கிற அரளி என் கண்முன் வந்துவிடும், ஆனால் பாபிலோன் ஆற்றங்கரையில் இருந்தது வேறு மரம். மொழிபெயர்ப்பில் படிக்கும்போது செடி கொடி பெயர்களைக் கொஞ்சம் நிதானமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துக் கதைக்கும் இதே வழி பொருந்தும். சோழன் பராந்தகனிடம் தோற்ற பாண்டியன் ராஜசிம்மன் ஈழத்துக்குப் போய், தன் மணிமுடியை அங்கே விட்டுவிட்டுச் சேரநாட்டுக்குப் போனான். சிங்கள நாட்டு வரலாறான சூளவம்சம் இதைச் சொல்கிறது. ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டில் வரும் புகழ்ப்பாட்டு, 'முன்னவர் பக்கல் தென்னவர் வைத்த சுந்தர முடியும்' என்று அதைக் கைப்பற்றியதைப் பெருமையாகப் பாடுகிறது. அடைக்கலம் கொடுத்தவன் பதிவும் இருக்கிறது, பறித்தவன் பதிவும் இருக்கிறது. இழந்தவன் குரலைத்தான் காணோம்.

1802-ல் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்குக் கப்பலேற்றப்பட்டவர்கள் கதையும் அப்படியே. கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. அதற்கடுத்த போரும் முடிந்தபின், பிடிபட்டவர்களைக் கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்கள் கடல் கடத்தினார்கள். அவர்களில் கும்பினியை எதிர்த்த சிவகங்கைச் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் ஒருவன், சிறுவயது. வெல்ஷ் என்ற கும்பினிப் படை அதிகாரி தன் நினைவுக்குறிப்பில் இரண்டு விஷயங்களை எழுதியிருக்கிறார். தனக்கு ஈட்டி எறியவும் வளரி என்ற வளைந்த எறிகட்டையை வீசவும் சொல்லிக்கொடுத்ததே சின்ன மருதுதான் என்பது ஒன்று. 1818-ல் பினாங்கில் ஒரு தளர்ந்த மனிதன் தன்முன் வந்து நின்றான், யாரென்று அடையாளமே தெரியவில்லை, பெயரைச் சொன்னபிறகுதான் துரைசாமி என்று தெரிந்தது என்பது இன்னொன்று. இதைப் படித்தால் மனது ஆறவே ஆறாது. ஆனாலும் பேனா யார் கையில் இருக்கிறது என்பதை மறக்காமல் படிக்க வேண்டும்.

போனவர்களைப் பார்த்தாயிற்று, இருந்தவர்களையும் பாருங்கள். பாபிலோன்காரர்கள் ஏழைகளில் சிலரைத் திராட்சைத் தோட்டத்துக்கும் பயிர் வேலைக்கும் விட்டுவிட்டுப் போனார்கள் என்று அதே இராஜாக்கள் புத்தகத்தில் ஒரே ஒரு வசனம் வருகிறது. அந்த வசனத்துக்கு அடிக்கோடு போடுங்கள். அயோத்தி என்றால் நந்திகிராமத்தில் பாதுகையை வைத்துக்கொண்டு பரதன் இருந்த 14 வருஷத்தையும் சேர்த்து எண்ணுங்கள்.

சரி, வரிசை எப்படி? ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, ஒவ்வொரு கதைக்கும் ஒரு பக்கம் விடுங்கள். முதலில் புறம் 112, பிறகு சங்கீதம் 137, பிறகு கம்பனின் கைகேயி சூழ்வினைப் படலம், பிறகு எரேமியா 28, 29. கடைசியாக நளன் கதை. இதைக் கடைசிக்கு வைக்கக் காரணம் இருக்கிறது. மகாபாரதத்தில் தருமன் காட்டில் உட்கார்ந்து, என்னைப்போல் நாடிழந்து துன்பப்பட்டவன் எவனாவது உண்டா என்று கேட்கும்போது ஒரு முனிவர் சொல்கிற கதை அது. நாடிழந்தவனுக்கு நாடிழந்தவன் கதை. பின்னால் 16ஆம் நூற்றாண்டில் அதையே நைடதமாகத் தமிழில் பாடியவன் தென்காசியிலிருந்து ஆண்ட அதிவீரராம பாண்டியன். மதுரை கைவிட்டுப் போய், பாண்டியர்கள் தெற்கே ஒதுங்கி ஆண்ட காலம். வடமொழியில் இதே கதையைப் பாடிய ஸ்ரீஹர்ஷர் கல்யாணத்தோடும் அதன்பின் வந்த இன்ப வாழ்க்கையோடும் நிறுத்திக்கொண்டார். நம் பாண்டியன் நிறுத்தவில்லை, சூதாடு படலம், நகர் நீங்கு படலம் என்று மேலே போகிறான். மதுரையை நினைத்துத்தான் பாடினான் என்று அடித்துச் சொல்ல ஆதாரம் இல்லை, ஆகவே நோட்டில் அதைக் கேள்வியாகவே எழுதுங்கள்.

சூதாடு படலத்துக்குப் போகும்முன் ஒருநாள் நெல்லையிலிருந்து செங்கோட்டை ரயில் ஏறித் தென்காசியில் இறங்குங்கள், சாரல் காலமென்றால் நல்லது. காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் ஒரு பாட்டு விட்டுப் போயிருக்கிறான். இந்தக் கோயிலுக்குப் பின்னால் ஏதாவது குறை வந்தால், அதைச் சரிசெய்து காப்பாற்றுகிறவர் யாராக இருந்தாலும் அவரை இப்போதே பணிகிறேன் என்கிறான், 'ஆராயினும்' என்றுதான் பாட்டு தொடங்குகிறது. கோபுரத்துக்குக் கீழே அந்தக் காற்றில் நின்று அதை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். வீட்டுக்கு வந்து சூதாடு படலத்தைத் திறக்கலாம்.