டயரை மாற்றுவதற்கு முன் ஒருமுறை தடவிப் பாருங்கள்

மேட்டுப்பாளையத்தில் ஊட்டி சாலையோரம் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் பட்டறை தொடங்கி 22 வருடங்கள் ஆகின்றன. குன்னூர் வழியில் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி முடித்த கார்கள் மூச்சு வாங்க நிற்பது எங்கள் பக்கம்தான். வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது, வேகத்தில் நடுங்குகிறது, கீழிருந்து ஊளைச் சத்தம் கேட்கிறது என்று வருவார்கள். அவர்களில் சிலர் ஏற்கெனவே நான்கு டயரையும் புதிதாக மாற்றியிருப்பார்கள். எனக்கு அதுதான் பெரிய வருத்தம். எங்கே பழுது என்பதைக் காட்டிக்கொடுத்திருக்கக்கூடிய பழைய டயர் போய்விட்டது. புதிய டயரில் பார்க்க ஒன்றும் இல்லை. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் அதுவும் அதே மாதிரி தேய்ந்து நிற்கும்.

ஆகவே முதலில் பழைய டயரைப் பாருங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுவதும் ஒடித்து வையுங்கள். அப்போதுதான் முன் டயரின் உள்விளிம்பு கண்ணுக்குத் தெரியும். வெளியிலிருந்து பார்த்தால் பட்டன் (சாலையைத் தொடும் ரப்பர் கட்டிகள்) நன்றாகவே இருக்கும், உள்பக்கம் கம்பி தெரியும் அளவுக்குத் தேய்ந்திருக்கும். இப்படி எத்தனையோ வண்டிகளைப் பார்த்துவிட்டேன். பட்டன்களுக்கு இடையே உள்ள பள்ளங்களின் அடியில் குறுக்கே சிறு ரப்பர் மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் மழையில் அந்த டயரை நம்பக் கூடாது.

டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மட்டும் மேடாக நின்றால் காற்று குறைவு. எவ்வளவு வைக்க வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு; அதைப் பார்த்துக் காற்று அடிக்காதீர்கள். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்பே அளந்துவிடுங்கள். மலை இறங்கிய சூட்டில் அளந்தால் கூடுதலாகத்தான் காட்டும்.

இனி முக்கியமான வேலை. உள்ளங்கையை டயரின் மேல் வைத்துக் குறுக்காகத் தடவுங்கள். முதலில் வெளி ஓரத்திலிருந்து உள் ஓரத்துக்கு, பிறகு உள்ளிருந்து வெளியே. கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுக் கையை வையுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல் போலவும் இருந்தால் டோ கோணம், அதாவது சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, தவறியிருக்கிறது. உள்ளிருந்து வெளியே தடவும்போது குத்தினால் சக்கரங்களின் முன்பக்கம் அளவுக்கு மீறி உள்ளே திரும்பியிருக்கிறது. வெளியிலிருந்து உள்ளே தடவும்போது குத்தினால் வெளியே விரிந்திருக்கிறது. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்து, தடவினால் இரு திசையிலும் மழமழவென்று இருந்தால் கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வைச் சந்தேகியுங்கள்.

மலையில் ஓடும் வண்டிகளுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. இரண்டு முன் டயர்களிலும் வெளி ஓரம் ஒரே அளவில் மழுங்கியிருந்தால் அது பெரும்பாலும் வளைவுகளில் திரும்பித் திரும்பி வந்த தேய்மானம். அலைன்மென்ட் சரியாக இருக்கும் வண்டியிலும் இது வரும். அப்படிப்பட்டவர்களை 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன் பின் டயர்களை மாற்றிப் போட்டுக்கொள்ளச் சொல்கிறேன்.

கோத்தகிரியிலிருந்து ஓர் ஆசிரியை வந்திருந்தார். இறக்கத்தில் பிரேக் மிதித்தால் கார் இடப்பக்கம் ஓடுகிறது என்றார். வேறு இடத்தில் இரண்டு முறை அலைன்மென்ட் செய்தும் தீரவில்லை. தடவிப் பார்த்தேன். இடது முன் டயரில் மட்டும் உள்ளே போகும் திசையில் குத்தியது. உள்விளிம்பு அரித்திருந்தது. ஜாக்கியில் தூக்கி, சிறு கடப்பாரையால் சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மை நெம்பியபோது அதன் ரப்பர் புஷ் கிழிந்திருப்பது தெரிந்தது. நின்ற இடத்தில் அளந்தால் இயந்திரம் எல்லாம் சரி என்றே காட்டும். பிரேக் மிதித்தவுடன் ஆர்ம் நகர்ந்து சக்கரம் வெளியே விரிந்துகொண்டிருந்தது. புஷ்ஷை மாற்றி, அதன் பிறகு அலைன்மென்ட் செய்தோம், இழுப்பு நின்றது. ஆட்டம் இருக்கும் வண்டிக்கு அலைன்மென்ட் செய்வது வாடிக்கையாளரின் காசை வீணடிப்பது. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

இந்த ஆட்டத்தை நீங்களும் சோதிக்கலாம். மற்றச் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஸ்டாண்ட் கொடுத்து, முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். வண்டிக்கு அடியில் உடலை நுழைக்க வேண்டாம். டயரை இடமும் வலமுமாகப் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரிகிறதா? ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனையான டை ராட் எண்டைப் பாருங்கள். மேலும் கீழுமாகப் பிடித்து அசைக்கும்போது ஆடினால் பால் ஜாயின்ட் (சக்கரம் திரும்ப உதவும் உருண்டை மூட்டு) அல்லது வீல் பேரிங் (சக்கரம் சுழல உதவும் தாங்கி).

எப்போதும் ஒரே பக்கம் இழுக்கும் வண்டிக்கு ஓர் எளிய சோதனை. நம் சாலைகள் மழைநீர் வடிய இடப்புறம் சரிந்திருக்கும். இலேசாக இடப்பக்கம் நகர்வது குறையல்ல. அதற்கு மேல் இழுத்தால் முன் டயர்கள் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். இழுப்பு எதிர்ப்பக்கம் மாறினால் குற்றம் டயரில். மாறாமல் இருந்தால் அலைன்மென்ட், அல்லது ஒரு பக்க பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறது. சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயர்களை இப்படி மாற்றக் கூடாது.

நடுக்கம் 80 முதல் 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் பேலன்சிங்கில், அதாவது சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமன்செய்வதில், தொடங்குங்கள். ஸ்டீயரிங் நடுங்கினால் முன் சக்கரம், இருக்கை நடுங்கினால் பின் சக்கரம் என்று பெரும்பாலும் கொள்ளலாம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் டயரை விட்டுவிட்டு பிரேக் டிஸ்க்கைப் பாருங்கள். டயரைச் சுற்றிலும் இடைவெளி விட்டுக் குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் போயிருக்கலாம். அந்த மூலையை அழுத்தி விடுங்கள். வண்டி ஒருமுறை எழும்பி அடங்க வேண்டும், தொடர்ந்து ஆடக் கூடாது. ஷாக்கை மாற்றினாலும் குழி விழுந்த டயரின் சத்தம் போகாது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஊளைச் சத்தம் டயரா, பேரிங்கா என்ற குழப்பம் வரும். சாலை மாறும்போது சத்தமும் மாறினால் டயர். காலியான சாலையில் ஸ்டீயரிங்கை மெதுவாக இடமும் வலமும் திருப்பும்போது சத்தம் கூடிக் குறைந்தால் பேரிங்.

பின் டயர்களை மறந்துவிடாதீர்கள். பல சிறிய கார்களில் பின் அச்சில் கோணத்தைத் திருத்த வழி கிடையாது. அதனால் முன் சக்கரங்களை மட்டும் அளந்து அனுப்பிவிடுகிறார்கள். பின் டயர் ஒன்றில் மட்டும் ஓரம் தேய்ந்தாலோ, நேராக ஓடும்போது ஸ்டீயரிங் கோணலாக நின்றாலோ, நான்கு சக்கரங்களையும் அளக்கச் சொல்லுங்கள். பள்ளத்தில் விழுந்து பின் அச்சு வளைந்திருக்கக்கூடும்.

டயரைக் கழற்றுவதற்கு முன் எந்தச் சக்கரத்தில் இருந்தது என்று சாக்பீஸால் எழுதிவிடுங்கள். அலைன்மென்ட்டுக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுச் சீட்டுகள் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். 1,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு, காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் அதே டயரை இன்னொரு முறை தடவிப் பாருங்கள். புதிதாகக் குத்தல் கூடியிருந்தால் இரண்டு சீட்டுகளோடும் திரும்பி வாருங்கள்.