தேர்தல் நன்கொடை: மாறிய வரம்புகளும் மாறாத தவறுகளும்

தேர்தல் நெருங்கினால் பாலக்கோடு தக்காளி மண்டியிலும் போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் அடிக்கடி காதில் விழும் கேள்வி, "எவ்வளவு வரைக்கும் கொடுக்கலாம்?" என்பதுதான். தருமபுரியில் கணக்கு எழுதும் தொழிலில் இருப்பவன் என்பதால் அந்தக் கேள்வி என்னிடமும் வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் மனத்தில் ஒரு தொகையை வைத்துக்கொண்டே வருகிறார்கள். அந்தத் தொகை எப்போதோ மாறியதாக இருக்கும், அல்லது வேறு ஒன்றுக்காக விதிக்கப்பட்டதாக இருக்கும்.

செலவு வரம்பை நன்கொடை வரம்பாக எண்ணிக்கொள்வதே நான் அதிகம் பார்க்கும் தவறு. தமிழ்நாட்டில் ஒரு வேட்பாளர் சட்டமன்றத் தொகுதிக்கு 40 லட்சம் ரூபாயும் மக்களவைத் தொகுதிக்கு 95 லட்சம் ரூபாயும் வரை செலவிடலாம் என்று 2022 ஜனவரியில் உயர்த்தப்பட்டது. 2014 முதல் அது முறையே 28 லட்சமாகவும் 70 லட்சமாகவும் இருந்து, கொரோனா காலத்தில் 2020-இல் பத்து விழுக்காடு கூட்டப்பட்டிருந்தது. இவை வேட்பாளரின் கையைக் கட்டும் எண்களே தவிர, நன்கொடை தருபவரின் கையைக் கட்டுபவை அல்ல. தனிநபர் ஒருவர் மொத்தமாக இவ்வளவுதான் தரலாம் என்று நம் சட்டத்தில் உச்சவரம்பு கிடையாது. கொடுக்கும் விதத்துக்குத்தான் கட்டுப்பாடு.

அந்த விதத்தில்தான் 2,000, 10,000, 20,000 என்ற மூன்று எண்கள் ஒன்றோடொன்று குழம்புகின்றன. கட்சி ஒன்று 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடையை ரொக்கமாகப் பெறக்கூடாது என்பது 2017 நிதிச் சட்டத்தால் வந்தது. மீறினால் வருமான வரி விலக்கை இழக்க நேரிடும். ஓராண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் தந்தவர்களின் விவரத்தைக் கட்சி தேர்தல் ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும் என்பது 2003 முதல் உள்ள தனி விதி. அது ரொக்கத்துக்கான அனுமதி அல்ல. வேட்பாளரோ, தேர்தலுக்கென்று தனியாகத் தொடங்கிய வங்கிக் கணக்கின் வழியே வரவு செலவு வைக்க வேண்டியவர். ஒருவரிடமிருந்து 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்க முடியாது. 2018 வரை இது 20,000 ஆக இருந்ததால், பழைய தேர்தலில் வேலை பார்த்தவர்கள் இன்னும் அதையே சொல்கிறார்கள்.

கட்சிக்குத் தரும் நன்கொடையை வருமானத்திலிருந்து கழித்து வரி குறைத்துக்கொள்ளும் வரிக்கழிவு கிடைக்கும் என்று நம்பி ரொக்கமாகக் கொடுப்பதும் தவறு. ரொக்கத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கழிவு இல்லை. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு இந்தக் கழிவே இல்லை. பெயர் தெரியாத கட்சி ஒன்றுக்குக் காசோலை தந்து, கமிஷன் போக மீதியை ரொக்கமாகத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து எழுந்து வந்துவிடுங்கள். அது வரி ஏய்ப்பு.

ஓசூரில் பட்டறையை நிறுவனமாகப் பதிவு செய்திருப்பவர்களும் பர்கூர்ப் பக்கம் கிரானைட் தொழில் செய்பவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நிறுவனங்கள் கட்சிகளுக்குப் பணம் தருவது 1969-இல் முற்றிலும் தடைசெய்யப்பட்டது; 1985-இல் சராசரி நிகர லாபத்தில் 5 விழுக்காடு வரை அனுமதிக்கப்பட்டது; 2013 நிறுவனச் சட்டம் அதை 7.5 ஆக்கியது, 2017-இல் வரம்பே நீக்கப்பட்டது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, தருபவரின் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தோடு அந்த நீக்கத்தையும் செல்லாது என்று தீர்ப்பளித்ததால், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 7.5 விழுக்காடு என்ற வரம்பு மீண்டும் உயிர்பெற்றது. தீர்ப்பின் முதல் பாதியைத் தெரிந்துகொண்ட பலர் இரண்டாம் பாதியைக் கவனிக்கவில்லை. தொடங்கி மூன்று நிதியாண்டுகள் ஆகாத நிறுவனம் தரவே முடியாது என்பதையும், இயக்குநர் குழுவின் தீர்மானம் இல்லாமல் தரக்கூடாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

பணமாகத் தராவிட்டால் கணக்கில் வராது என்ற எண்ணம் கிராமங்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஒரு தேர்தலின்போது பென்னாகரம் பக்கத்தில் ஆதரவாளர் ஒருவர் தம் கடையிலிருந்து இருநூறு நாற்காலிகள், சாமியானா, மைக் செட், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் அன்பளிப்பாக இறக்கினார். வேட்பாளரின் ஆட்களும் "ஓசியாக வந்தது" என்று எழுதாமல் விட்டார்கள். அதிகாரிகளின் வீடியோ குழு நாற்காலிகளை எண்ணி, மாவட்டத் தேர்தல் அலுவலரின் விலைப்பட்டியல்படி மதிப்பிட்டு, நிழல் பதிவேட்டில், அதாவது வேட்பாளரின் செலவை அதிகாரிகள் தாங்களே தனியாக எழுதி வைக்கும் கணக்கில், ஏற்றிவிட்டது. வேட்பாளரின் பதிவேட்டில் அன்றாடச் செலவுக்கு வெள்ளைத் தாள், ரொக்கத்துக்கு இளஞ்சிவப்பு, வங்கிக்கு மஞ்சள் என மூன்று பகுதிகள் உண்டு. ஆய்வு நாளில் இரண்டு பதிவேடுகளையும் அருகருகே வைத்தபோது வெள்ளைத் தாளில் அந்த நாள் காலியாக இருந்தது. விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. இலவசமாக வந்த பொருளையும் சந்தை மதிப்பில் எழுதியிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும்.

ஆர்வமிகுதியால் வேட்பாளரிடம் சொல்லாமலே தம் செலவில் துண்டறிக்கை அடிப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வேட்பாளரின் எழுத்துபூர்வ அனுமதியில்லாமல் அவருக்காகப் பிரசாரச் செலவு செய்வது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 176-ஆம் பிரிவின்படி குற்றம்; அபராதம் 10,000 ரூபாய் வரை போகலாம். பத்து ரூபாய்க்கு உட்பட்ட செலவுக்கு மட்டும், பத்து நாளுக்குள் அனுமதி வாங்கிவிட்டால் விலக்கு. இவ்வளவு சிறிய தொகையைச் சட்டம் இன்னும் வைத்திருப்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது, ஆனால் அதுதான் நடைமுறையில் உள்ள சட்டம்.

வேட்புமனு தாக்கல் செய்த நாள் முதல் முடிவு அறிவிக்கப்படும் நாள் வரையிலான செலவு கணக்கில் சேரும் என்பதால், முன்னதாகவே அச்சிட்டு வைத்துப் பிறகு ஒட்டும் சுவரொட்டிகளும் கணக்கில் சேரும். முடிவு வந்த 30 நாட்களுக்குள் அந்தக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் ஒப்படைக்கத் தவறினால், தேர்தல் ஆணையம் மூன்று ஆண்டுகளுக்குத் தகுதிநீக்கம் செய்ய முடியும். தோற்ற வேட்பாளருக்கும் இதே விதிதான்.