எச்1பி-ல இருந்துக்கிட்டே பார்ட் டைம் எம்எஸ், எப்படி பண்றது

வேளச்சேரில எங்க அபார்ட்மென்ட் பசங்க ரெண்டு பேருக்கு எச்1பி, அதான் அமெரிக்கா வேலை விசா, கிடைச்சிருக்கு, ரெண்டு பேரும் வந்து கேட்டது ஒரே கேள்விதான், "அண்ணா, அங்க வேலை பாத்துக்கிட்டே எம்எஸ் படிக்கலாமா, இல்ல எஃப்1 ஸ்டூடண்ட் விசாவுக்கு மாறணுமா?" தாராளமா படிக்கலாம்பா, மாற வேணாம். நான் அப்படித்தான் மூணரை வருஷத்துல முடிச்சேன். ஆனா விசாவுக்கு வேலைதான் அஸ்திவாரம், படிப்பு மொட்டை மாடில போட்ட ஷெட் மாதிரி, அதுக்காக கீழ கைய வச்சுடாதீங்க.

மொத வேலை சென்னையிலயே இருக்கு. ஃப்ளைட் ஏறுறதுக்கு முன்னாடி டிரான்ஸ்கிரிப்ட், அதான் யுனிவர்சிட்டி சீல் வச்சுக் குடுக்குற மார்க் விவரம், வாங்கிடுங்க, அண்ணா யுனிவர்சிட்டினா கிண்டி, மெட்ராஸ் யுனிவர்சிட்டினா சேப்பாக்கம். நான் சோம்பேறித்தனமா விட்டுட்டு அங்க போய் உக்காந்துக்கிட்டு அப்பாவ அலைய விட்டேன், அவரு வெயில்ல ரெண்டு தடவ போய் சீல் வச்ச கவர் வாங்கிட்டு வந்தாரு, அம்மா "புள்ள என்ன மார்க் எடுத்திருக்கான்"னு ஆசையா பிரிச்சுப் பாத்துட்டாங்க! சீல் உடைஞ்சா செல்லாது, மறுபடியும் மொதல்லேருந்து. மூணு வருஷ பிஎஸ்சி, பிசிஏ படிச்சவங்க அந்த டிகிரிய ஏத்துப்பாங்களான்னு அப்ளிகேஷன் ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க, சில இடத்துல நாலு வருஷ டிகிரிதான் கேப்பாங்க.

அப்ளை பண்ணும்போது இந்தியன் பாஸ்போர்ட்னு போட்டதுமே ஐ-20-க்கு பேங்க் பேலன்ஸ் காட்டுன்னு கேக்க வாய்ப்பிருக்கு. பதறாதீங்க, ஐ-20ங்கிறது ஸ்டூடண்ட் விசாவுக்காக காலேஜ் குடுக்குற பேப்பர், எஃப்1 காரங்களுக்குத்தான். எச்1பி அப்ரூவல் பேப்பரான ஐ-797 காப்பிய அட்மிஷன் ஆபீசுக்கு மெயில் பண்ணி, எச்1பி-ல இருக்கேன், ஐ-20 வேணாம்னு ஒரு வரி எழுதுங்க. அதே மெயில்ல அந்த ஸ்டேட் காரங்களுக்குக் குடுக்குற குறைஞ்ச இன்-ஸ்டேட் ஃபீஸ் கிடைக்குமான்னும் கேட்டுடுங்க, சில ஸ்டேட்ல எச்1பி-க்கும் குடுக்குறாங்க, வித்தியாசம் பாதிக்கு மேல கூட வரும்.

பணத்துக்கு அமெரிக்க அரசாங்கத்தோட ஃபெடரல் ஸ்டூடண்ட் லோன் நமக்குக் கிடையாது. கம்பெனி டியூஷன் அசிஸ்டன்ஸ் குடுத்தா வருஷத்துக்கு 5,250 டாலர் வரைக்கும் டாக்ஸ் இல்ல, ஆனா பாலிசிய கடைசி பக்கம் வரைக்கும் படிங்க, எங்க கம்பெனில பி கிரேடுக்குக் கீழ வந்தா காசு கிடையாது, வாங்கிட்டு ஒரு வருஷத்துல வேலைய விட்டா திருப்பிக் கட்டணும். ஆன்லைன்னா ஜார்ஜியா டெக் 2014-லயே ஆரம்பிச்ச கம்ப்யூட்டர் சயின்ஸ் மாஸ்டர்ஸ் இருக்கு, 10 கோர்ஸ், மொத்தமே சுமார் 7,000 டாலர்தான், சும்மா பேருக்குப் படிக்கிற படிப்பு இல்ல, பென்டு நிமித்திடுவாங்க. செமஸ்டருக்கு ஒண்ணு போதும், ரெண்டு எடுத்து, ஆபீஸ்ல சாஃப்ட்வேர் ரிலீஸ் வீக்கெண்டும் சேர்ந்து வந்து, நான் ஒண்ண டிராப் பண்ணேன்.

புரொஃபசர் பிரியமா டீச்சிங் அசிஸ்டன்ட் வேலை குடுக்குறேன்னு சொன்னாலும் சம்பளத்துக்கு ஒத்துக்காதீங்க, எச்1பி-ல ஸ்பான்சர் பண்ண கம்பெனிக்கு மட்டும்தான் வேலை பாக்கலாம். சிபிடி, ஓபிடினு ஸ்டூடண்ட்ஸ் வேலை பாக்கக் குடுக்குற பெர்மிஷன் எல்லாம் எஃப்1 சமாச்சாரம். கிரீன் கார்டுல மாஸ்டர்ஸ் மாதிரி மேல்படிப்பு படிச்சவங்களுக்கான ஈபி2-க்கு இந்த டிகிரி உதவும்னு நினைச்சா, கம்பெனி அதுக்கான மொத அப்ளிகேஷனான பெர்ம் ஃபைல் பண்றதுக்கு முன்னாடியே டிகிரி முடிஞ்சிருக்கணும், அப்புறமா முடிச்சா அந்த ஃபைலுக்கு ஆகாது, எச்ஆர் கிட்ட தேதிய மொதல்லயே பேசிடுங்க.

வேலை போச்சுன்னா அங்க இருக்க அதிகபட்சம் 60 நாள்தான் டைம். நான் ஆன்லைன எடுத்ததே இதுக்குத்தான், ஊருக்குத் திரும்பினாலும் படிப்பு ஓடும். ஒரு டிசம்பர்ல பாஸ்போர்ட்ல விசா ஸ்டாம்பிங்குக்கு சென்னை வந்தப்போ ஜெமினி பாலத்துக்கிட்ட அமெரிக்க கான்சுலேட் வேலைய முடிச்சுட்டு அன்னிக்கு ராத்திரியே வீட்டுலேருந்து ஃபைனல் எக்ஸாம் எழுதினேன், நல்ல மழை, பாதில கரண்ட் போச்சு. லேப்டாப்ல பேட்டரி இருக்குன்னு தெம்பா இருந்தேன், வைஃபை ரூட்டர் இன்வெர்ட்டர் லைன்லயே இல்ல. போன் ஹாட்ஸ்பாட்ல தட்டுத் தடுமாறி முடிச்சேன். நீங்க எழுதுறதுக்கு முன்னாடி மெயின் ஸ்விட்ச ஒருதடவ ஆஃப் பண்ணி ரூட்டர் ஓடுதான்னு பாத்துடுங்க.