லூப் ஆன்டெனாவுக்கு 50 ஓம் ஆம்ப்ளிஃபயர் வேண்டாம்

லூப் என்பது வளையமாக வளைத்த ரேடியோ ஆன்டெனா. 1 மீட்டர் விட்டம், 10 மி.மீ. செம்புக் குழாய் என்றால் லூப்பின் இண்டக்டன்ஸ் (மின்தூண்டல்) சுமார் 3 மைக்ரோஹென்றி. 1 மெகாஹெர்ட்ஸில் அதன் ரியாக்டன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை) 19 ஓம்தான். அதில் 50 ஓம் உள்ளீட்டுத் தடை கொண்ட ஆம்ப்ளிஃபயரை நேரே மாட்டினால், ரியாக்டன்ஸ் அந்த 50 ஓமுக்குக் குறையும் இடமான சுமார் 2.7 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே சிக்னல் சரியும். மீடியம் வேவ் அடிபடுவது இதனால்தான்.

2என்2222 டிரான்சிஸ்டர் இரண்டைப் புஷ்-புல் (எதிரெதிராக இயங்கும் ஜோடி) காமன் பேஸாக (சிக்னல் எமிட்டர் வழியே நுழையும் அமைப்பு) அமைத்து, ஒவ்வொன்றுக்கும் 20 மில்லிஆம்பியர் கொடுங்கள். எமிட்டர் ரெசிஸ்டன்ஸ் தலா 1.3 ஓம் ஆகிவிடும். லூப்பின் மின்னோட்டம் முழுதாக உள்ளே வரும். அந்த 20 மில்லிஆம்பியரைக் குறைக்கத் தோன்றும், குறைக்காதீர்கள்: பக்கத்து ஒலிபரப்பு நிலையம் இன்டர்மாடுலேஷனாக (வலுவான சிக்னல்கள் கலந்து உருவாகும் போலி சிக்னல்) கிளம்பும். டிரான்சிஸ்டர் சூடானால் ஹீட்சிங்க் போடுங்கள்.

இரைச்சல் அப்படியே இருந்தால் கேபிளைச் சந்தேகியுங்கள். அதை ஃபெரைட் வளையத்தில் பத்துச் சுற்று சுற்றிப் பாருங்கள். ஸ்விட்சிங் அடாப்டரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டியும் ஒப்பிடுங்கள்.