பழைய நங்கூரம்: வண்ணம் பூசுமுன் உப்பை எடுங்கள்

பாம்பன் பக்கத்துப் படகிலிருந்து கழித்த இரும்பு நங்கூரம் ஒன்றை மதுரைக் காயலான் கடையில் எடைக்கு வாங்கி, துரு போகத் தேய்த்து, ரெட் ஆக்சைடும் கறுப்பு எனாமலும் பூசி முற்றத்தில் சாய்த்துவைத்தேன். ஐப்பசி மழையில் பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பிப் பழுப்பு நீர் கசிந்தது. மறுபடி பூசியும் அதே கதைதான். கடலில் கிடந்த இரும்பின் துருவுக்குள் குளோரைடு உப்பு ஊறியிருக்கிறது. அது ஈரத்தை இழுத்துக்கொண்டு, பூச்சுக்கு அடியிலேயே அரிப்பைத் தொடர்கிறது.

ஆகவே, செதில் துருவைச் சுத்தியலால் தட்டி உதிர்த்தபின், நங்கூரம் மூழ்கும் பிளாஸ்டிக் தொட்டியில் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா கரைத்து மின்பகுப்பு (கரைசல் வழியே மின்சாரம் பாய்ச்சித் துருவை இளக்குவது) செய்யுங்கள். 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனை நங்கூரத்துக்கு. பாசிட்டிவ் முனை, நங்கூரத்தைத் தொடாமல் சுற்றி நிறுத்திய கட்டடக் கம்பிகளுக்கு. பேட்டரி இணைக்காவிட்டால் இயங்க மறுக்கும் புதுவகைத் தானியங்கி சார்ஜரைவிட, மெக்கானிக் கடைகளில் கிடக்கும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜரே இதற்கு மேல். கம்பிக்குப் பதில் எவர்சில்வர் வைத்தால் நஞ்சான குரோமியச் சேர்மமும், சோடாவுக்குப் பதில் சமையல் உப்பு போட்டால் குளோரின் வாயுவும் உண்டாகும். ஹைட்ரஜன் எழும்புவதால் திறந்தவெளியில், நெருப்பை அண்டவிடாமல் செய்ய வேண்டும்.

துரு இளகியதும் வேலை முடிந்தது என்று நினைத்ததே என் இரண்டாவது தவறு. புதிய சோடாக் கரைசலில் வாரக்கணக்கில் ஊறப்போட்டு, கரைசலை அவ்வப்போது மாற்ற வேண்டும். உப்பு போய்விட்டதா என்றறிய, நங்கூரத்தைச் சோடா போகக் கழுவி, ஓரிரவு வெறும் நீரில் வைத்து, அந்நீரில் சில்வர் நைட்ரேட் கரைசலைச் சில சொட்டு விடுங்கள். பால்போல் வெளுத்தால் உப்பு மிச்சமிருக்கிறது. எத்தனை முறை மாற்றியும் எனக்கு வெளுத்துக்கொண்டே இருந்தது. பிறகுதான் புரிந்தது, எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரிலேயே உப்பு இருந்தது! கடைசிக் கழுவலுக்கும் சோதனைக்கும் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்துங்கள்.

பூச்சுக்கு எனாமலைவிடக் கடுக்காயே என் தேர்வு. நாட்டு மருந்துக் கடையில் வாங்கிக் கொட்டை நீக்கி இடித்து, கொதிக்கவைத்து வடிகட்டிய சாற்றைத் தூரிகையால் இரண்டு மூன்று முறை தடவினால், அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் மிச்சத் துருவோடு சேர்ந்து கருநீலமாகப் படியும். நன்கு காய்ந்தபின், சித்திரை வெயிலில் கை பொறுக்காத அளவுக்குச் சூடேறிய இரும்பின்மேல் தேன்மெழுகைத் தேய்த்துத் துணியால் துடையுங்கள். மண்ணில் புதைக்காமல், கருங்கல்லின்மேல் நிறுத்துங்கள்.

பின்சேர்க்கை: துத்தநாகம் பூசிய சாம்பல் நிற நங்கூரத்துக்கும் இதே முறையா என்று சிலர் கேட்டார்கள். கூடாது, சோடா மின்பகுப்பு அப்பூச்சைக் கெடுத்துவிடும். நல்ல நீரில் ஊறவைத்துக் கழுவித் துடைத்தாலே அதற்குப் போதும்.