கோட் சரி, விடை மட்டும் பழையது: ஏபிஐ சோதிக்கும்போது பிரவுசர் கேஷைக் கையாளும் முறை

கிளிநொச்சியில் பிள்ளைகளுக்கு ஏபிஐ (ஒரு புரோகிராம் கேட்க இன்னொன்று தரவைக் கொடுக்கும் வழி) எழுதப் பழக்கும்போது நான் எடுக்கும் உதாரணம் இரணைமடுக் குளம். பொத்தானை அழுத்தினால் நீர்மட்டம் அடிக்கணக்கில் வரும். ஒருநாள் ஒரு தம்பி, சோதனைக்குப் போட்டிருந்த 28ஐ 31 ஆக்கினான். பொத்தானை அழுத்தினால் 28. சேர்வரை நிறுத்தித் திரும்பத் தொடக்கினான், 28. கோடை அழித்து முதலில் இருந்து எழுதினான், அப்போதும் 28. அரை மணித்தியாலம் போய்விட்டது. அவன் கோடில் பிழையே இல்லை. கேள்வி சேர்வருக்குப் போகவேயில்லை. பிரவுசர் தன்னிடம் இருந்த பழைய விடையைக் கொடுத்துக்கொண்டிருந்தது. இப்படிப் பிரவுசர் விடைகளைச் சேமித்து வைக்கும் இடம்தான் கேஷ்.

உங்களுக்கும் இது நடக்கும். கோடில் கை வைக்கமுன், விடை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். (விடையோடு வரும் குறிப்பு வரிகளான ஹெடர்களையும் கட்டளைகளையும் இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன், எடிட்டரில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.)

முதல் படி: விடை வந்த வழியைப் பாருங்கள்

குரோமில் எஃப்12 அழுத்தி நெட்வேர்க் பகுதியைத் திறந்துவிட்டு, பொத்தானை ஒருதரம் அழுத்துங்கள். உங்கள் ஏபிஐ ஒரு வரியாக வரும். ஸ்டேட்டஸில் 200, அதாவது எல்லாம் சரி, என்று இருக்கும். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். கேஷில் இருந்து வந்த விடைக்கும் அங்கே 200தான். பார்க்க வேண்டியது அளவு காட்டும் சைஸ் நிரல். அதில் 'டிஸ்க் கேஷ்' அல்லது 'மெமரி கேஷ்' என்று இருந்தால் சேர்வர் இந்தக் கேள்வியைக் காணவில்லை. ஸ்டேட்டஸில் 304 என்று இருந்தால் கதை வேறு: பிரவுசர் கேட்டிருக்கிறது, 'மாறவில்லை, உன்னிடம் உள்ளதையே எடு' என்று சேர்வர் சொல்லியிருக்கிறது.

இரண்டாம் படி: பிரவுசரை விட்டுக் கேளுங்கள்

டெர்மினலில் கர்ல் (முகவரியை நேரே கேட்கும் கட்டளை), இடைவெளி, சிறிய ஐ போட்ட '-ஐ', அப்புறம் ஏபிஐ முகவரி. கர்ல் விடைகளைச் சேமித்து வைப்பதில்லை. அங்கே 31 வந்தால் பிரவுசர் கேஷ்தான் காரணம். அங்கேயும் 28 என்றால் சேர்வர் பக்கம் போய்த் தேடுங்கள். இந்த ஒரு சோதனையே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். ஹெடர்களும் கூடவே வரும். கேஷ்-கொன்ட்ரோல் என்ற வரியை வாசியுங்கள். தம்பியின் சேர்வரில் அது 'மேக்ஸ்-ஏஜ்=3600' என்று இருந்தது. எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய வரி. 3600 விநாடி, அதாவது ஒரு மணித்தியாலத்துக்கு என்னைக் கேட்காதே என்று சேர்வரே சொல்லியிருக்கிறது. இன்னும் அரை மணித்தியாலம் பொறுத்திருந்தால் 31 தானாகவே வந்திருக்கும். தான் கடைசியாகச் செய்த திருத்தம்தான் வேலை செய்தது என்று அவனும் நம்பியிருப்பான்.

மூன்றாம் படி: சோதிக்கும்போது கேஷை நிறுத்துங்கள்

நெட்வேர்க் பகுதியின் மேலே 'டிசேபிள் கேஷ்' என்ற பெட்டி இருக்கிறது. அதில் சரி போடுங்கள். அந்தப் பலகை திறந்திருக்கும்வரைதான் அது வேலை செய்யும். மூடினால் கேஷ் திரும்ப வந்துவிடும். கொன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துவதை மட்டும் நம்பாதீர்கள். அது பக்கம் ஏறும்போது வருபவற்றைப் புதிதாக எடுக்கும். பிறகு நீங்கள் பொத்தானை அழுத்தி ஃபெட்ச் (ஜாவாஸ்கிரிப்ட் சேர்வரைக் கேட்கும் கட்டளை) போகும்போது பழைய விடை வரலாம்.

முகவரிக்குப் பின்னால் கேள்விக்குறி போட்டு நேரத்தை ஒட்டுகிற வழியும் உண்டு. எனக்கு அதில் விருப்பமில்லை. ஒவ்வொரு தடவையும் புது முகவரி ஆகிறது, நோய் மறைகிறது, மாறவில்லை. அதைவிட ஃபெட்ச்சிலேயே 'கேஷ்: நோ-ஸ்டோர்' என்று கொடுப்பது நேர்மையானது.

நான்காம் படி: சேர்வரில் திருத்துங்கள்

இதுவரை செய்தது உங்கள் கொம்பியூட்டருக்கு மட்டும். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதைக் குளத்துத் தண்ணீர்தான் தீர்மானிக்கிறது. வயல் வரம்பில் நின்று போனில் நீர்மட்டம் பார்க்கும் கமக்காரர் எஃப்12 அழுத்தப் போவதில்லை. அவருக்குச் சரியான விடை போகவேண்டும் என்றால் ஹெடர்தான் வழி.

இங்கே இரண்டு சொற்கள் குழப்பும். நோ-ஸ்டோர் என்றால் சேமிக்கவே கூடாது. நோ-கேஷ் என்றால் சேமிக்கலாம், ஆனால் பாவிக்கமுன் ஒவ்வொரு தடவையும் சேர்வரைக் கேட்கவேண்டும். பெயரைப் பார்த்தால் மாறி விளங்கும். கடவுச்சொல், வங்கிக் கணக்கு மாதிரியானவற்றுக்கு நோ-ஸ்டோர். நீர்மட்டத்துக்கு நான் நோ-கேஷ் போடுவேன், கூடவே ஈடேக். ஈடேக் என்பது விடைக்கு ஒட்டும் அடையாளத் துண்டு. அடுத்த தடவை பிரவுசர் அதைக் காட்டிக் கேட்கும்; மாறாவிட்டால் சேர்வர் உடல் (விடையின் உள்ளடக்கம்) இல்லாத 304ஐ மட்டும் அனுப்பும். சிக்னல் ஒரு கோடு, டேட்டா முடியும் நிலை என்றிருக்கும் போனுக்கு அது பெரிய உதவி. நோடில் எக்ஸ்பிரஸ் (சேர்வர் எழுத உதவும் கருவி) பாவித்தால் ஈடேக் தானாகவே வரும். கேஷ்-கொன்ட்ரோல் வரியை நீங்கள்தான் எழுதவேண்டும்.

எழுதாமல் விட்டாலும் கேஷ் நடக்கலாம். விடையில் 'லாஸ்ட்-மொடிஃபைட்' திகதி இருந்தால், அது எவ்வளவு பழையதோ அதில் பத்தில் ஒரு பங்கு நேரம் புதியது என்று பிரவுசர் தானே கணக்குப் போடுவது வழக்கம். பத்து நாளுக்கு முன் திருத்திய ஜேசன் (தரவு எழுதும் வடிவம்) கோப்பு என்றால் ஒரு முழு நாள்.

கடைசியாக

சேர்வரில் ஹெடரை மாற்றியதும் பழைய 28 அழிந்துவிடாது, அதன் தவணை முடியும்வரை பிரவுசரில் கிடக்கும். எஃப்12 பலகை திறந்திருக்க, ரீலோட் பொத்தானில் வலது கிளிக் செய்து, கேஷை வெறுமையாக்கி ரீலோட் செய்யும் தெரிவை எடுங்கள். பிறகு டிசேபிள் கேஷ் பெட்டியின் சரியை எடுத்துவிட்டு, எண்ணை 32 ஆக்கி, பொத்தானை அழுத்திப் பாருங்கள். அந்தப் பெட்டி சும்மா இருக்கும்போதே 32 வந்தால் வேலை முடிந்தது.